வாங்காத மாத்திரைகள்

சர்க்கரை நோய் வந்தபோது எனக்கு நாற்பது வயது முடியவில்லை. திண்டுக்கல்லில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கைக்கடிகாரம், தோளில் பை. தெருவில் போனால் வணக்கம் வைப்பார்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அரசுப் பள்ளியில் வாங்குவதில் பாதிகூட எங்களுக்கு வராது. வெளியே சொன்னால் அந்த வணக்கம் நின்றுவிடும் என்று எங்கள் பள்ளியில் எல்லா டீச்சர்களுக்கும் ஒரு பயம் உண்டு. என் கணவர் நூல் மில்லில் இருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. மில் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம்.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நல்லவர். வாயைத் திறக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அவருடைய மகள் அந்த வருடம் என் வகுப்பில் படித்தாள். முதல் தடவை ஃபீஸை நீட்டியபோது என் கையை மடக்கித் திருப்பிவிட்டார்.

"எங்க பாப்பாவ நாள் முழுக்கப் பாத்துக்கிறீங்க. உங்ககிட்ட வாங்குனா நல்லாவா இருக்கும் டீச்சர்?"

பிறகு சீட்டு எழுதினார். "இது புதுசா வந்திருக்கு. பழசவிட நல்லது. நீங்க படிச்சவங்க, விடாம சாப்புட்ருவீங்க."

ஃபீஸே வாங்காத மனிதரிடம் மாத்திரை விலை கட்டுப்படியாகாது என்று எப்படிச் சொல்வது? சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்று எழுந்துவிட்டேன்.

மருந்துக் கடையில் விலையைக் கேட்டதும், "பத்து நாளைக்குக் குடுங்க போதும், வீட்ல கொஞ்சம் இருக்கு" என்றேன். வீட்டில் ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நாள் மாத்திரையை மாதக் கடைசிவரை இழுத்தேன். காலையில் சாப்பிட்டால் இரவு கிடையாது. பள்ளி லீவு நாளில் இரண்டு வேளையும் கிடையாது.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீங்கள்ல?"

"சாப்புடுறேன் சார்."

"அப்ப சாப்பாட்டுலதான் ஏதோ தப்பு நடக்குது. இனிப்பு ஏதாச்சும்?"

யோசிக்காமல் சொன்னேன்: "பிள்ளைக பொறந்தநாளுக்கு சாக்லேட் குடுக்குங்க சார். வேண்டாம்னு சொல்ல முடியல." நான் சாக்லேட் தொட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் வாய்க்கட்டுப்பாடு இல்லாதவள் என்று பெயர் வாங்குவது, காசில்லாதவள் என்று தெரிவதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் செல்லமாகக் கடிந்துகொண்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். கூடவே இன்னொன்றும் சேர்த்தார். செலவு இன்னும் ஏறியது. நான் வாங்குவது இன்னும் குறைந்தது.

ஆகஸ்டில் அவர் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. புது கவுன் போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். என் மேஜைக்கு வந்ததும் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மிஸ், உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காங்க. நீங்க திருட்டுத்தனமா சாப்புடுவீங்களாம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தீபாவளிக்குள் இன்னும் ஒரு தடவை அளவைக் கூட்டிவிட்டார். அந்தத் தீபாவளிக்கு அதிசயமாக மில்லில் போனஸ் கொடுத்தார்கள். என் கணவர் துணி எடுக்கவில்லை. நேரே மருந்துக் கடைக்குப் போய் ஒரு மாதத்துக்கான மாத்திரை முழுவதையும் வாங்கி வந்தார்.

"இந்த மாசமாவது சீட்டுல இருக்கபடி சாப்புடு" என்றார்.

சாப்பிட்டேன். லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம், மதிய மணி அடிக்குமுன் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. உடம்பெல்லாம் வியர்த்தது. பாட்டைச் சொல்லிக்கொடுக்க வாய் திறந்தால் நாக்கு குழறியது. விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துப் பிள்ளைகள் அதே மாதிரி குழறிக் காட்டிச் சிரித்தார்கள். அப்புறம் எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது டாக்டரின் கிளினிக்கில் இருந்தேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே பள்ளி ஆயாவின் துண்டு போர்த்தியிருந்தது. எதற்கென்று துண்டைத் தூக்கிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. புடவை நனைந்திருந்தது. இத்தனை பிஞ்சுகளின் முன்னால், அவர் மகளின் முன்னால்.

கட்டில் பக்கத்தில் டாக்டர் என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "சர்க்கரை அதிகமாகி வரல. ரொம்பக் கொறஞ்சு போயி வந்த மயக்கம். படிப்படியாத்தான கூட்டுனேன்? இத்தன நாள் எறங்காதது இப்ப எப்படி ஒரேயடியா எறங்கும்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்று தலையை அசைத்தேன். அவர் சொல்லிவிட்டார்.

"அவ இத்தன நாளா ஒழுங்கா சாப்புட்டாத்தான சார். அம்புட்டு வெல குடுத்து வாங்க முடியல. மூணுல ஒரு பங்குதான் வாங்குவா. இந்த மாசந்தான் முழுசா வாங்குனேன்."

எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடமில்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சாப்பிடாத மாத்திரையை நம்பி அவர் அளவை ஏற்றிக்கொண்டே போயிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே டீச்சர்" என்றார். பிறகு அவரே, "நானும் கேக்கல" என்றார்.

அன்றே சீட்டை மாற்றினார். பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கும் மலிவான மாத்திரை. அளவும் குறைவு. எனக்கு அது போதும் என்றார். விலை எங்கள் கைக்குள் அடங்கியது.

கதை அதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். அடுத்த மாதம் போனபோது காத்திருப்பவர்கள் எல்லோரும் பார்க்க, அறைக் கதவைத் திறந்தபடியே, உரிமையோடு குரல் கொடுத்தார்: "வாங்க டீச்சர், இப்ப எழுதுற மாத்திரையாவது வாங்க முடியுதா?" பெஞ்சில் என் வகுப்புப் பையனின் அம்மா இருந்தாள். சட்டென்று காதில் விழாதவள்போலத் தன் கைப்பையைத் துழாவ ஆரம்பித்தாள், எனக்காக. அந்தக் கருணையைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு மாதம் நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. மருந்து இருந்தும் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தேன்.

கடைசியில் என் கணவர் திட்டித்தான் போனேன். உள்ளே போனதும் கதவை நானே சாத்தினேன். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

"நீங்க கேக்கறது நல்லதுதான் சார். ஆனா என்ன மட்டும் கேக்காதீங்க. எல்லாரையும் கேளுங்க. நகை போட்டு வரவங்களையும் கேளுங்க. கதவ சாத்திட்டுக் கேளுங்க. வாங்க முடியுதான்னு கேட்டா எல்லாரும் முடியுதுன்னுதான் சொல்லுவாங்க. எத்தன வேள விட்டுப்போச்சுன்னு கேளுங்க. அதுக்குப் பதில் சொல்லலாம்."

டாக்டருக்கே பாடம் எடுக்கிறோமே என்று பாதியில் கூச்சம் வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். "போன மாசம் எத்தன வேள விட்டுப்போச்சு?"

"ஒண்ணும் விடல சார்." முதல் தடவையாக அது உண்மை.

பிறகொரு நாள் அவராகவே சொன்னார். அய்யலூர்ப் பக்கத்து ஆட்டு வியாபாரி ஒருவர், விரல் நிறைய மோதிரத்தோடு வருபவர். அவரிடம் பேருக்குத்தான் கேட்டாராம். அந்த மனிதர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதி விட்டுப்போகுது சார், வெளிய தெரிய வேணாம்" என்றாராம். மகள் கல்யாணத்தில் நொடித்துப்போயிருந்தார். டாக்டர் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "எத்தன பேருக்கு இப்படிக் கண்ண மூடிக்கிட்டு டோஸ் ஏத்திருக்கேனோ" என்றார். மருந்துக் கடையில் விலைகளை விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார். மலிவானது போதும் என்கிற இடத்தில் அதையே எழுதினார்.

என் இடது கண்ணில் இப்போது பார்வை மங்கல். அந்த வருடத்தால் வந்ததா, அதற்கப்புறம் வந்ததா என்று கண் டாக்டரால் சொல்ல முடியவில்லை. நானும் துருவிக் கேட்கவில்லை.

பணம் இல்லாதது பற்றி எனக்கு இன்றைக்கு வெட்கம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. மாதாமாதம் அவர் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறார். எல்லோரையும்தான் கேட்கிறார் என்று தெரிந்தும் என் பார்வை தரைக்குப் போகிறது, காது சூடாகிறது. பதிலை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.