ஒரு பதிலுக்காகப் போன கூட்டம்

கணவர் இறந்து ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சபையில் ஆண்டு நினைவு ஆராதனை என்றால் மூத்த மகன் எழுந்து வேதப்பகுதி வாசிக்க வேண்டும். எங்கும் எழுதிவைக்காத சட்டம் அது. என் மகன் வாசிக்கமாட்டேன் என்றுவிட்டான். அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவன் ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை.

"சபையே உபவாசம் இருந்து கேட்டது. அப்பா பிழைக்கல்ல. அது ஏன் எண்டு சொல்லுங்க, வந்து வாசிக்கிறன்" என்றான்.

அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ப் போதகரிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார்.

அந்த நேரம்தான் கல்முனையில் ஒரு மாநாடு வைத்தார்கள். நம் விசுவாசத்தைக் கேள்வி கேட்கிறவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து ஒருநாள் முழுக்கச் சொல்லித் தருவார்களாம். காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் படிப்பித்து அலுத்துப்போனவள் நான். இன்னொரு வகுப்பில் போய்க் குந்தியிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. இருந்தும் போனேன். மகனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பதிலாவது கிடைக்காதா என்ற ஆசைதான்.

கூட்டிப்போனவர் கல்முனைக்குடியைச் சேர்ந்த முஸ்லிம் ஆட்டோக்காரர். கணவருக்கு இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவரும் அவர்தான். நோன்பு மாதம். உதடு காய்ந்திருந்தது அவருக்கு.

"என்ன கூட்டம் டீச்சர்?"

உங்களைப் போன்றவர்களுக்கு மறுபதில் சொல்லப் பழகப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "வேத வகுப்புத்தான் தம்பி" என்றேன்.

"நல்லம். முடிஞ்சதும் கோல் எடுங்க, வாறன்."

காலையில் வந்த பேச்சாளர் கெட்டிக்காரர். கடவுள் இருக்கிறார் என்பதற்குத் திரையில் காரணங்கள் வரிசையாக வந்தன. உயிர்த்தெழுதலுக்கும் வந்தன. பக்கத்து வீட்டு முஸ்லிம் சகோதரர் இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்றார். என் பக்கத்து வீட்டார் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நோன்புக் கஞ்சி அனுப்பட்டுமா என்றுதான் கேட்பார்கள். துன்பம் ஏன் என்ற தலைப்பு திரையில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இதைப் பயிற்சியில் பார்ப்போம், சாப்பாட்டு நேரமாச்சு" என்று திரையை அணைத்துவிட்டார்.

சாப்பாடு வரவில்லை. புரியாணிக் கடையில் சொல்லியிருந்தார்களாம், நேரம் சொல்லவில்லையாம். நோன்பு மாதத்தில் கல்முனையில் புரியாணி என்று மட்டும் சொன்னால் அது நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான். கடைக்காரரில் பிழை இல்லை. பிஸ்கட்டும் பிளேன்டீயும் தந்தார்கள். எனக்குத் தலையிடி தொடங்கியது.

பின்னேரம் இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்தார்கள். ஒருவர் நம்பிக்கை இல்லாதவராகக் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஒரு வங்கி உத்தியோகத்தர், நடுவயதுப் பெண். கேட்கிற வேலை எனக்கு. மகனின் கேள்வியை அவன் கேட்ட மாதிரியே கேட்டேன்.

"தேவனுடைய நேரம் வேற அக்கா" என்றார்.

"நேரம் வேற எண்டா எங்கள ஏன் கேக்கச் சொன்னவர்?"

அவர் திரையைப் பார்த்து அடுத்த பதிலைச் சொன்னார். நான் விடவில்லை.

"கடைசி நாள் வரைக்கும் சுகமாகிருவன் எண்டு நம்பின மனுசன். அந்த நம்பிக்கைய தேவன் என்ன செய்தவர்?"

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சங்கடமாகச் சிரித்து, "நீங்க நல்லா நடிக்கிறீங்க அக்கா" என்றார்.

நான் நடிக்கவில்லை.  இவ்வளவு நாளாக மகனுடைய கேள்வி என்று நினைத்துச் சுமந்தது என்னுடையதுதான். அவன் வாய்விட்டுக் கேட்டான், நான் ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பாடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை.

கூட்டம் கலைந்து பாதிப்பேர் போன பிறகு புரியாணி வந்தது. கையில் இரண்டு பார்சலைத் திணித்தார்கள். வெளியே ஆட்டோ நின்றது. ஒரு பார்சலை அவரிடம் கொடுத்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அவர் தண்ணீர் குடித்து, எங்கள் மாநாட்டுப் புரியாணியில் நோன்பு திறந்தார். நான் பின்சீட்டில் சாய்ந்திருந்தேன்.

"கூட்டம் நல்லமா டீச்சர்?"

"களைப்பு தம்பி."

"ஓம், முகத்துல தெரியிது" என்றார். ஆட்டோவை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து மற்றப் பார்சலை மகனுக்கு முன்னால் வைத்தேன்.

"பதில் கிடைச்சிச்சா?"

"இல்ல மகன். எனக்கும் அதே கேள்விதான்."

அவன் கை சோற்றில் நின்றது. "அப்ப என்னத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் போறீங்க?"

"போகாம வீட்டுல இருந்தாலும் அதே கேள்விதானே."

இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு, "என்னால வாசிக்க ஏலாதும்மா" என்றான்.

"சரி. நான் வாசிக்கிறன்."

ஆராதனை அன்று நான் எழும்பியபோது சனங்கள் மகனைத் தேடி அங்கும் இங்கும் பார்த்தார்கள். வாசித்துக்கொண்டிருக்கையில் ஒருமுறை தலையை நிமிர்த்தினேன். திறந்திருந்த வாசலால் மகன் தெரிந்தான். ரோட்டோரம், ஆலயக் கேட்டுக்கு வெளியே, அப்பாவுடைய மோட்டார் சைக்கிளில் இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

கேட் வரைக்கும் கேட்கட்டும் என்று மிச்சத்தைச் சத்தமாக வாசித்தேன்.