ராஜினாமாவை நாளைக்குக் கொடு

பிரான்ஸில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வியாழன்தோறும் ஒரு மனநல ஆலோசகர் வருகிறார். கொரோனாவில் நர்ஸுகள் கூட்டமாக வேலையை விட்ட பிறகு செய்த ஏற்பாடு. காபி கொடுத்து "சவா?" என்பார், எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் வாரம் நான், நாலாம் படுக்கைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஏழாம் படுக்கை சாப்பிட மறுக்கிறார் என்று வரிசையாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்களைத்தான் கேட்டேன் என்றார். என்னை எதற்குக் கேட்கிறார்? ஏதோ புகார் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதுச்சேரியில் கொரோனா வார்டில் நர்ஸாக இருந்தபோது எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதற்குப் பதில் கைதட்டினார்கள். உப்பளம் பகுதியில் நான் குடியிருந்த வீட்டுக்காரர் மொட்டைமாடியில் நின்று தட்டைத் தட்டினார். மறுநாள் என் பெட்டியை வாசலில் வைத்தார். பெட்டியோடு நேரே வார்டுக்குப் போய், இன்சார்ஜ் சிஸ்டர் விஜயா அக்காவிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். அக்கா நிதானமாகப் படித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கி ஆள் இல்ல. நாளைக்கிக் குடு. பெட்டிய எங்க வூட்டு மாடில போட்டுட்டு வா."

முதலியார்பேட்டையில் அந்த மாடியில் ஏற்கெனவே மூன்று நர்ஸுகள் இருந்தார்கள். மூவரிடமும் கடிதம் இருந்தது. அக்கா தினமும் ரசமும் சோறும் போட்டு, நாளைக்குக் கொடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் கடிதத்தை எடுத்துப் போக மறந்துவிட்டேன். மற்றவர்களும் வேலையை விட்டுப் போகவில்லை.

அலை ஓய்ந்ததும், ஊழியர்களை வீட்டில் தங்கவைத்தது விதிமீறல் என்று நிர்வாகம் அக்காவிடம் விளக்கம் கேட்டது. அக்கா விளக்கம் எழுதவில்லை, ராஜினாமா எழுதினார். அதைத் திருப்பிக் கொடுக்க அங்கே ஆளில்லை, மத்தியானத்துக்குள் கையெழுத்தாகிவிட்டது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் பிரெஞ்சு படித்தேன், விமானம் ஏறினேன். இங்கே என் படிப்பு செல்லாது; உதவியாளராக நோயாளிகளைக் குளிப்பாட்டுகிறேன்.

போன ஞாயிறு அக்கா போன் செய்தார். குளிரைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அங்க ஆளு எடுக்குறாங்களாடி? தொடைக்கிற வேலன்னாலும் பரவால்ல" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவே வேண்டாம், எங்கள் வார்டிலேயே இரண்டு இடம் காலி. மறுநாளே விண்ணப்பம் வாங்கி வந்தேன். இன்னும் அனுப்பவில்லை. என் சுயநலம் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அக்காவும் இங்கே வந்துவிட்டால், ஊர் என்று நான் யாரிடம் போவது?