லிஸ்பன் ஹோட்டலும் கட்டில் மூலையும்

கலியாணம் கட்டிப் பதினைஞ்சு வருசத்தில் முதல் தடவையாக, சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்குப் போகிறோம். லிஸ்பன். அதனால் ஹோட்டல் தேடுவதும் இதுதான் முதல் தடவை.

இண்டைக்கு பாரிஸ் லாசப்பலில், எங்கடை ஆக்களின்ரை கடையொன்றில் கொத்துரொட்டிக்குக் காத்திருந்தபடி, ஃபோனில் இரண்டு ஹோட்டலை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் பழைய மாளிகை, நீல டைல்ஸ் பதித்த சுவர்.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தா.

"தம்பி, குறை நினையாதேங்கோ. நான் இருபது வருசமா இஞ்சை ஹோட்டல்லை அறை துப்பரவாக்கிறனான். முதலாவதை எடுக்காதேங்கோ."

"ஏனக்கா? கட்டில் முழுக்க ரோசாப்பூ."

"பூவை விடுங்கோ. கட்டிலைச் சுவரோடை ஒட்டிப் போட்டிருக்கு, அந்தப் பக்கம் ஒருத்தரும் கூட்டேலாது. மற்றதிலை விரிப்பின்ரை மூலையைப் பாருங்கோ. எல்லா அறையிலும் ஒரே மடிப்பு. அங்கை வேலை செய்யிற பிள்ளையளுக்கு ஒழுங்காத் துப்பரவாக்க நேரம் குடுக்கினம்."

முதலாவதில் தங்கினவர்கள் எழுதியதைத் திறந்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் யாரோ ஒருவரின் பழைய சொக்ஸ்.

நான் ஒரு கிழமையாகப் பார்த்த படம். அவ பார்த்தது ஒரே ஒரு தடவை.

இரண்டாவதை அங்கேயே பதிவு செய்தேன். பார்சலோடு எழும்பும்போது அக்கா சொன்னா:

"எங்கடை சனம் காலமை தாங்களே கட்டிலை விரிச்சுப்போட்டு வெளிக்கிடும். பிறகு நாங்கள் எல்லாத்தையும் கழட்டித் திருப்பி விரிக்கவேணும். அப்பிடியே விட்டிட்டுப் போங்கோ."

ஓம் எண்டு வந்தேன்.

வீட்டில் மனிசி எங்கடை விரிப்பு இரண்டைப் பெட்டிக்குள் ஏற்கனவே மடித்து வைச்சிருக்கிறா. இது தேவையில்லையெண்டு துணிவுள்ளவை ஆராவது வந்து அவவுக்குச் சொல்லுங்கோ.