கொடிக்கம்பத்துக் கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் என்னை மிஞ்ச ஆளே இல்லை. இதை நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

திருமயம் சாலையில் எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று அப்பா நட்டது. மற்றது அம்மாவின் தம்பி, பக்கத்து ஊர் மாமா நட்டது. எது உயரம் என்று டீக்கடையில் தொடங்கிய பேச்சு முற்றி, இருவரும் முகம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் குட்டித் தம்பிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்?

"என்னோடது ஒரு நூல் கொறஞ்சாலும் அவன் வாசல மிதிச்சு அழைக்க மாட்டேன்" என்றார் அப்பா. தன்னுடையது குறைந்தால் வரமாட்டேன் என்று மாமாவும் சொல்லி அனுப்பினார். கம்பத்தில் ஏறாமலே அளந்து காட்டுகிறேன் என்று நான் குதித்தேன்.

கிளம்பும்போது அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே, "ரெண்டும் ஒரே ஒசரமாத்தான்டி இருக்கும், என்ன?" என்றாள்.

"அளக்காம எப்படிம்மா சொல்றது?" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அப்பாவின் கம்பத்தில் உச்சியிலிருந்து தொங்கிய கயிறு தரையில் இரண்டடி மிஞ்சிக் கிடந்தது. விறைப்பாக இழுத்தால் கம்பத்தடியிலிருந்து எட்டடி தள்ளித் தரையைத் தொட்டது. கம்பம் x என்றால் கயிறு x + 2. மண்ணில் குச்சியால் எழுதினேன்: x² + 8² = (x + 2)². இரண்டு பக்கமும் x² அடிபட்டுப் போக, 64 = 4x + 4. பதினைந்து அடி! கூட்டம் வாயைப் பிளந்தது. மாமாவின் கம்பத்தில் மூன்றடி மிச்சம், பத்தடி தூரம். 100 = 6x + 9. பதினைந்து அடி, இரண்டு அங்குலம்.

"மாமாவோடதுதான் ஒசரம்! ரெண்டு அங்குலம்!" என்று கத்தினேன். இழுத்த இழுப்பில் கயிறு நீண்டிருக்கலாம், தரை சரிந்திருக்கலாம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவேயில்லை. தன் கம்பத்தடியில் நின்ற மாமா மீசையை முறுக்கினார். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அந்தக் கணக்கை டீச்சரிடம் காட்டி, வகுப்பே கைதட்டப் பெருமை தாங்காமல் நின்றேன்.

காதுகுத்து அன்று பெரியப்பா மடியில் தம்பியை உட்கார வைத்தார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். அம்மாவோ பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தாள். காது குத்தும் ஆசாரிக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசாரி எனக்கு எதிரேதான் உட்கார்ந்து இரண்டாவது காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்.