மஞ்சள் இருபது பைசா

அண்ணி சுண்டல் விற்கப் போனதால்தான் இத்தனையும் நடந்தது. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமாகி தங்கச் சுரங்கம் இருந்த மாரிகுப்பத்துக்கு நான் வந்தபோது, தொழிலாளர் வீட்டு வரிசையான அதே லைனில் பக்கத்து வீடு அவருடையது. நடுவில் ஒரே சுவர். நான் தாளிக்கும்போது கடுகு தீய்ந்தால் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டுவார். அவருடைய வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் வெடி வைக்கிற வேலை பார்த்தார். நாளெல்லாம் சத்தம் கேட்டு அலுத்ததாலோ என்னவோ, வீட்டில் அவர் பேசுவதே இல்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்து அண்ணியே பேசினார்.

பகல் ஷிப்டு முடிந்து ஆட்கள் சுரங்கக் குழியான ஷாஃப்டிலிருந்து மேலே வரும் நேரம், கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி அண்ணி அலுமினியக் குண்டானோடு உட்காருவார். காராமணிச் சுண்டல், மேலே மாங்காய்த் துருவல். பொட்டலம் பத்துப் பைசா. பசியோடு வருகிற ஆட்கள் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு பைசா, ரெண்டு பைசா, மூணு பைசா, அஞ்சு பைசா என்று எல்லாம் வரும். அறுபதுகளின் கடைசியில் புதிதாக இருபது பைசா ஒன்று வந்தது. பித்தளையில் செய்தது, தாமரைப்பூ போட்டது, துடைத்து வைத்தால் மஞ்சளாக ஜொலிக்கும். அதில் கொஞ்சம் தங்கம் கலந்திருக்கிறது என்று அப்போது ஊரெல்லாம் ஒரு பேச்சு இருந்தது. தங்கம் தோண்டுகிற எங்கள் ஊரிலேயே அதை நம்பியவர்கள் இருந்தார்கள்.

சில்லறை சேர்ந்துகொண்டே போனது. அதை நோட்டாக மாற்ற ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரர்தான் கதி. ரூபாய்க்கு அஞ்சு பைசா பிடித்துக்கொள்வார். அதற்கு வட்டம் என்று பெயர்.

"எம் மண்டய ஒடச்சி சம்பாரிச்ச காசு. அத எனக்கே திருப்பிக் குடுக்க இவருக்கு இன்னாத்துக்குக் கூலி?" என்றார் அண்ணி.

அன்றிலிருந்து வட்டமில்லாமல் சில்லறையை மாற்றுவது எங்கள் ரெண்டு பேருக்கும் விரதம் மாதிரி ஆகிவிட்டது. முதலில் தபாலாபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் குவியலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு நாள் வாங்க என்றார். பங்காருபேட்டைக்கு ரயில் டிக்கெட்டை முழுக்க மூணு பைசாக் காசாகவே கொடுத்து வாங்கினோம். டிக்கெட் கொடுப்பவர் எண்ணி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. பஸ் கண்டக்டர் மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஆனால் அவருடைய பையிலும் எவ்வளவுதான் பிடிக்கும்? அவர் கொடுத்த கசங்கிய அஞ்சு ரூபாய் நோட்டை அண்ணி தலையணைக்கு அடியில் வைத்து நிமிர்த்தினார்.

ஒரு சம்பள நாளில் அரிசி வாங்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு எல்லார் கையிலும் பத்து ரூபாய் நோட்டு. கடைத்தெரு முழுக்கச் சில்லறைக்குப் பஞ்சம். எங்கள் மளிகைக்காரர் நோட்டை வாங்கி, அதற்கும் வட்டம் பிடித்துக்கொண்டு சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணி எட்டிப் பார்த்தார். அவருடைய சுண்டல் காசுதான். எண்ணெய் பிசுக்கு அப்படியே இருந்தது.

"வரும்போதும் கட்டிங்கு, போம்போதும் கட்டிங்கு" என்றார் அண்ணி. வீடு வரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த சம்பள நாளில் அந்தக் கடைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வட்டமில்லாமல் சில்லறை மாற்றிக் கொடுப்பது என்று முடிவானது. எங்களுக்கு நோட்டு கிடைக்கும், ஜனங்களுக்குச் சில்லறை கிடைக்கும், கடைக்காரருக்கு வயிறு எரியும். இதில் மூன்றாவதுதான் முக்கியம் என்பது அண்ணியின் முகத்திலேயே தெரிந்தது. சில்லறையை ரெண்டு துணி மூட்டையாகக் கட்டி, ஆளுக்கொன்றாகப் புடவைக்குள் இடுப்பில் இறுக்கிக்கொண்டோம். பஸ்ஸில் போனால் பிதுங்கும் என்று தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டின் ஓரமாகவே நடந்தோம்.

அங்கேதான் காவலுக்கு நின்ற ஆள் எங்களை மறித்தார். கம்பெனி தங்கமோ தங்க மண்ணோ வெளியே போகாமல் பார்ப்பது அவருடைய வேலை. ரெண்டு பெண்கள் இடுப்பில் பாரத்தோடு, வாத்து மாதிரி அசைந்து அசைந்து மேட்டோரம் போனால் அவர் வேறு என்ன நினைப்பார்?

"ஏனம்மா, மூட்டையில இன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சாவகாசமாகச் சொன்னார்: "தங்கந்தான். வேற இன்னா?"

காவலுக்கு நின்றவர் விசில் ஊதினார். எங்களைக் காவல் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் குடத்தை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். கொட்டகையில் இருந்த பெரியவர் மூட்டையை மேஜைமேல் அவிழ்க்கச் சொன்னார். அண்ணி அவிழ்த்தார். ஜன்னல் வெயிலில் இருபது பைசாக்கள் மஞ்சளாக உருண்டன. பெரியவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது காசும்மா."

"நா காசு இல்லன்னு சொன்னனா? எனக்கு இது தங்கந்தான சார்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு எங்களை விட்டுவிடுவார் என்று பார்த்தால், பாக்கெட்டிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். டீக்கடையில் சில்லறை இல்லாமல் காலையிலிருந்து கடன் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவர் மாற்றியதைப் பார்த்து மற்ற காவலர்களும் நோட்டை நீட்டினார்கள். எங்களைப் பிடித்த ஆள் கடைசியாக, கொஞ்சம் வெட்கத்தோடு நீட்டினார். அண்ணி அவருக்கு மட்டும் பூராவும் ஒரு பைசாவாக எண்ணிக் கொடுத்தார்.

என்னுடைய மூட்டை மிச்சமிருந்தது. ஆனால் கடைத்தெருவுக்குப் போக நேரமில்லை. லைனுக்குத் திரும்பினால் வீட்டு வாசலில் கூட்டம். நாங்கள் தங்கம் கடத்திப் பிடிபட்டோம் என்ற சேதி எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அண்ணியின் பேசாத வீட்டுக்காரர்கூட அன்றைக்குப் பேசினார்.

"எவ்ளோ கெடச்சிது?" என்றார்.

மறுநாள் மிச்ச மூட்டையோடு வேறு வழியில்லாமல் அந்த மளிகைக் கடைக்கே போனோம். கடைக்காரர் எழுந்து நின்றார். அதுவரை எங்களுக்காக அவர் எழுந்ததில்லை. முக்காலி போட்டு உட்காரவைத்தார். மூட்டையிலிருந்த மஞ்சள் காசை மட்டும் தனியாக ஒதுக்கி, ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"காவல்காரங்களே இதப் பாத்துட்டு ஒங்கள மறிச்சாங்களாமே. அப்ப, ஊர்ல சொல்றது நெசந்தானா?"

அண்ணி முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வா, போலாம், இங்க எல்லாத்தியும் பேச முடியாது" என்றார். நான் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

"உக்காருங்க, உக்காருங்க. வட்டம்லாம் வேணாம்" என்றார் கடைக்காரர். "ஆனா மஞ்ச காசு எவ்ளோ வந்தாலும் எனக்குத்தான் குடுக்கணும்."

அப்புறம் பல மாதம் எங்கள் சில்லறை முழுக்க ஒரு பைசாகூடக் குறையாமல் நோட்டாயிற்று. மஞ்சளோடு சேர்த்து மற்றதையும் அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். லைனில் மற்ற பெண்கள் உண்டியலில் போட்டு வைத்ததையும் நாங்களே கொண்டுபோய் மாற்றிக் கொடுத்தோம். எல்லார் காசின் மேலும் ரெண்டு மூன்று மஞ்சளை அண்ணி தூவி வைப்பார், சுண்டல் மேல் மாங்காய் தூவுகிற அதே நிதானத்தோடு.

கடைசியில் கடைக்காரர் ஒரு கைப்பிடிக் காசை நகை செய்கிற பத்தரிடம் கொண்டுபோனார். பத்தர் ஒன்றை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, இதில் குடம் வேண்டுமானால் செய்யலாம் என்றாராம். இதைப் பத்தரே கடைத்தெருவில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தார்.

இனிமேல் அந்தப் பக்கமே போக முடியாது என்று நான் நினைத்தேன். அண்ணி மறு வாரமே போனார், நானும் பின்னால் போனேன். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"நா இன்னா சொன்னேன்? ஒண்ணுமே சொல்லலியே."

அது உண்மைதான் என்று கடைக்காரருக்கே தோன்றியிருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் வேறு சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அந்த நேரத்தில் மறுபடி வட்டம் என்று வாயெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மூட்டையை வாங்கி எண்ணி நோட்டைக் கொடுத்தார்.

அவர் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்து, அந்த மாதம் ராபர்ட்சன்பேட்டையில் யார் என்ன வாங்கினாலும் மீதிச் சில்லறை மஞ்சளாகவே வந்தது. அண்ணியும் நானும் நோட்டு வாங்கிய அன்றைக்கே மேட்னி ஷோவுக்குப் போனோம். படம் பாதி ஓடும்போது அண்ணி தூங்கிவிட்டார்.