காய்ச்சல் இல்லை என்றார்

மைசூரில் ஒரு மருத்துவமனையின் கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். மருந்து ஏற்றுமுன் பார்க்க வேண்டியவை எங்கள் தாளில் வரிசையாக அச்சாகியிருக்கும். ரத்த அணுக்கள் குறைவாக இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ நாங்களாக ஏற்றக் கூடாது; டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஹனூர் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவார். மார்பகப் புற்றுநோய், அறுவை முடிந்து கீமோ நடந்துகொண்டிருந்தது. நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்த நாளிலிருந்து வேறு யாரையும் ஊசி குத்த விடமாட்டார்.

மூன்றாவது முறை வந்தபோது அணுக்கள் குறைவு. டாக்டர் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார். அக்கா அழுதுவிட்டார்.

"மொத பஸ்ஸப் புடிச்சு வந்தேன் அம்மிணி. இன்னொருக்காவும் இப்பிடித் திருப்பி உட்ருவாங்களா?"

"நல்லா சாப்பிடுங்கக்கா, அணு ஏறிடும். காய்ச்சல் மட்டும் வராம பாத்துக்கோங்க. வந்தா அன்னிக்கும் ஏத்த மாட்டாங்க" என்றேன். உடம்பில் கிருமி இருக்கும்போது ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்ற காரணத்தைச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. தெர்மாமீட்டரிலும் ஒன்றுமில்லை.

"ரெண்டு மூணு நாளா காய்ச்சல் ஏதாச்சும் இருந்துச்சாக்கா?"

"இல்ல அம்மிணி."

ஊசிக்காகக் கையைப் பிடித்தபோது சற்றுச் சூடாகத்தான் இருந்தது. வெயிலில் நடந்து வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு தாளில் டிக் போட்டேன். மருந்து ஏறியது.

ஐந்தாம் நாள் அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். உடம்பில் கிருமி பரவி, ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. நான்கு நாள் ஐசியுவில் கிடந்தார். வெளியே அவர் கணவர் உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் போகாமல் வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகுதான் போய்ப் பார்த்தேன். அக்காவே சொன்னார்: "காலைல காச்ச மாத்தர போட்டுட்டுத்தான் வந்தேன் அம்மிணி. காச்ச இருந்தா ஏத்த மாட்டாங்கன்னு நீதானே சொன்னே?"

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கையில் பட்ட சூட்டையும் சேர்த்து. அவர் திட்டவில்லை, எழுதித் தரச் சொன்னார். எழுதும்போது கை சூடாக இருந்தது என்ற வரியில் மட்டும் பேனா வெகுநேரம் நின்றது.

மீதி மருந்துகள் தள்ளிப்போய், ஒருவழியாக முடிந்தன. அக்கா இப்போது பரிசோதனைக்கு மட்டும் வருகிறார். தாமதமானதால் ஏதாவது ஆகுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இப்போது எல்லாரிடமும், காலையில் மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்றும் கேட்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன். சிலர் பதில் சொல்லுமுன் தங்களோடு வந்தவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு இல்லை என்கிறார்கள்.