வாசிக்காத நாலாவது பாகம்

தனபால் போய்விட்டார் என்ற செய்தி நம் மன்றத்து வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. அரை மணி நேரத்தில் ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போட்டுவிட்டீர்கள். தலைவர் 'இசைமேதை' என்று எழுதியிருந்தார். அடேயப்பா! அந்த மேதையை முக்கால் கச்சேரியில் எழுப்பி நிறுத்திவிட்டு நாம் எல்லோரும் சாப்பிடப் போனதை ஒருவரும் எழுதவில்லை. நானும் அன்று எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

திருத்தணியில் ஒரே அரசு அலுவலகத்தில் இருபது வருடம் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உறவு ஒன்றும் இல்லாமலே என்னை மச்சான் முறை வைத்துப் 'பாவா' என்பார். சின்ன வயதில் அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் பியானோ கற்றவர். பெரிய வாத்தியக் குழு வாசிக்கிற ஒரு ஜெர்மன் சிம்பொனியை ஒற்றைப் பியானோவுக்குச் சுருக்கித் தன் கையாலேயே நோட்டில் எழுதினார். மூன்று வருடம் பிடித்தது.

"எண்பது பேர் வாசிக்கிறத பத்து விரல்ல எப்படிய்யா வாசிப்ப?" என்று சீண்டினேன்.

"கோபுரத்த பென்சில்ல வரைஞ்சா கோபுரம்னு தெரியாதா பாவா? கலருதான் இருக்காது. கட்டுன விதம் இன்னும் நல்லாத் தெரியும்" என்றார்.

நம் ஆண்டு விழாவுக்கு அந்தப் பியானோ குட்டி யானை சரக்கு வண்டியில் கல்யாண மண்டபத்துக்கு வந்து இறங்கியது. நான்தான் அறிவிப்பாளன். மொத்தம் நான்கு பாகம் என்று மைக்கில் சொன்னேன். விசிறிச் சத்தம் இடைஞ்சல் என்று மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். கூட்டம் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு முணுமுணுத்தது. இரண்டாவது பாகத்தில் அந்த முணுமுணுப்பும் அடங்கியது. இடது கை அடியில் மெல்ல நடக்க, அதன் மேல் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு யாரோ வாசிப்பதுபோல் எனக்குக் கேட்டது. அதுவரை அவரை நான் அலுவலகத்து ஆளாகத்தான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

தலைவரும் சிறப்பு விருந்தினரும் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். மூன்றாவது பாகம் முடிந்ததும் தனபால் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். தலைவர் மேடை ஏறி என்னிடம் குனிந்தார்.

"முடிஞ்சிச்சா? ஐயா கெளம்பணும்றாரு. பந்தி வேற காத்துகினு இருக்குது."

விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"ஆங்."

பொன்னாடை வந்தது, நன்றியுரை வந்தது, உடனே நாட்டுப்பண். நாட்டுப்பண் பாடிவிட்டால் விழா முடிந்தது. அதற்கு மேல் யார் என்ன வாசிக்க முடியும்? பொன்னாடையோடு அவர் பியானோ பக்கத்தில் விறைப்பாக நின்றார். நோட்டு நாலாவது பாகத்தில் திறந்தே கிடந்தது. கீழே இறங்கியதும், "கடைசிப் பாகத்துக்காகத்தான் பாவா மீதி மூணையும் வாசிச்சேன்" என்றார்.

அப்புறம் அவர் மன்றத்துப் பக்கமே வரவில்லை. "நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதவனெல்லாம் தலைவராம்!" என்று என் முகத்தைப் பார்த்தே திட்டுவார். நானும், மானங்கெட்டவன், "ஆமாய்யா" என்று கூடவே திட்டினேன். தலைவரே, அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். "வூட்டுக்கு வா பாவா, நாலாவது பாகம் வாசிக்கிறேன். பத்து நிமிசம்தான்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டார். ஆடிக்கிருத்திகைக் கூட்டம் என்றேன், காய்ச்சல் என்றேன். போகவே இல்லை. போனால் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்தாம் நாள் காரியத்தில் அவர் மனைவி சரோஜா அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். இனியாவது சொல்லிவிடலாம் என்று, "அன்னிக்கு மேடையில..." என்று ஆரம்பித்தேன்.

"அவருக்குத் தெரியுங்கண்ணா" என்றார் சரோஜா. "நீங்க ஆங்னு சொன்னது அன்னிக்கே அவரு காதுல வுழுந்துச்சு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தாரு."

நீங்கள் ஒவ்வொருவரும் அவர் நினைவாக எதையாவது வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது, எனக்குப் படிக்கத் தெரியாத அந்த நாலாவது பாகமும், அவருக்கு நன்றாகக் கேட்டுவிட்ட ஒரு 'ஆங்'கும்தான்.